கறிவாசனை வந்த வீடுகள்

சலோமி வீட்டில் அடுப்பு எரியாத ஒரு புதன்கிழமை முற்பகலில், மாட்டுக்கறிக் குழம்பின் வாசனையும் அதன் பின்னாலேயே இடியாப்பம் வேகும் ஆவியின் வாசனையும் எழுந்து, மூங்கில் தட்டிச் சுவர்களின் இடுக்கு வழியாக அக்கம்பக்கத்து வீடுகளுக்குள் நுழைந்து, அங்கிருந்து தெருவுக்கு இறங்கி, குழாயடி வரைக்கும் வந்து சேர்ந்தது. குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் தலை நிமிர்ந்தார்கள். எங்கள் லைனில் எல்லாரும் தங்கச் சுரங்கத்து ஆட்கள், எல்லார் வீடும் ஒரே கூரையின் கீழ் வரிசையாகத் தடுக்கப்பட்ட வீடுகள், எல்லாரும் கறியெடுப்பது ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறன்று பூமிக்கடியிலிருந்து ஆண்களுக்கு விடுதலை என்பதால் அன்றைக்கு வீட்டுக்கு வீடு நெஞ்செலும்புக் குழம்பு கொதிக்கும், இடியாப்பம் பிழியப்படும், பிள்ளைகள் தட்டோடு காத்திருக்கும். புதன்கிழமையில் அப்படி ஒரு வாசனை வந்ததில்லை.

"இன்னாக்கா, விருந்தாளியா?" என்று பூங்காவனம் கேட்டாள். அவள் சலோமிக்கு அடுத்த வீட்டுக்காரி.

"விருந்தாளியாவது! காலையில களி கிண்டினதோட அடுப்ப அணைச்சாச்சு" என்றாள் சலோமி, சோப்பு நுரை வழியும் கையோடு.

"உங்க வூட்டு வாசனைதான்க்கா. உங்க கை வாசனை எனக்குத் தெரியாதா?"

அது உண்மைதான். தட்டிச் சுவரோடு வாழ்கிறவர்களுக்கு எந்த வீட்டுக் குழம்பு எதுவென்று மூக்கே சொல்லிவிடும். சலோமி தேங்காயைக் கொஞ்சம் தாராளமாக அரைத்து விடுவாள், பூங்காவனம் மிளகைத் தூக்கலாகப் போடுவாள், ஒருத்தி பட்டையில் கை நீளம், ஒருத்தி சோம்பில். அன்று வந்தது சலோமியின் தேங்காய்ப்பால் மணம்தான். இரண்டு மூன்று பெண்கள் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். அடுப்பில் சாம்பல் குளிர்ந்து கிடந்தது. சட்டி கவிழ்த்து வைத்தபடி இருந்தது. வாசனை மட்டும் சட்டிக்கு மேலே, இப்போதுதான் மூடியைத் திறந்தது போல, நின்றுகொண்டிருந்தது. அவர்கள் சிரித்தார்கள். நாக்கில் ஊறிய எச்சிலை விழுங்கிக்கொண்டு மறுபடி துணி துவைத்தார்கள்.

ஷிப்டு முடியும் சங்கு ஊதுவதற்கு முன்பே வேறொரு சங்கு ஊதியது. நீளமாக, மூச்சு விடாமல் ஊதும் அந்தச் சங்கு எதற்கு என்று எங்கள் லைனில் பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். கீழே பாறை வெடித்திருந்தது. மேலே கொண்டுவந்தது ஒரே ஒரு உடல், சலோமியின் புருஷன் ஞானப்பிரகாசம்.

அப்போதும் யாரும் இரண்டையும் முடிச்சுப் போடவில்லை. கோடை தொடங்கியபோது பிச்சாண்டி வீட்டில் வாசனை வந்தது, அவன் இன்னும் வேலைக்குக் கிளம்பாத விடிகாலையில். அவன் பெண்சாதி மூக்கை உறிஞ்சினாள், சலோமி வீட்டுப் புதன்கிழமையை நினைத்தாள், புருஷனின் சாப்பாட்டுத் தூக்கைப் பிடுங்கி வைத்துக்கொண்டு வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்துவிட்டாள். பிச்சாண்டி திட்டினான், பிறகு சிரித்தான், பிறகு அவனுக்கும் பயம் வந்தது. வேலைக்குப் போகாமல் அடுக்களையில் புகைபோக்கிச் சுவரில் முதுகு சாய்த்து உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான். வெயில் ஏறும் நேரத்தில் கீழே எங்கோ பாறை வெடித்துப் பூமி ஒருமுறை குலுங்கியது. லைனில் பாத்திரங்கள் உருண்டன, நாய்கள் குரைத்தன. இடிந்து விழுந்தது அந்த ஒரு புகைபோக்கிச் சுவர் மட்டும்தான். கீழே போகாதவனைத் தேடிப் பாறை மேலே வந்துவிட்டது என்று இழவுக்கு வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகும் வாசனை வந்தது. வரிசையாக வரவில்லை, ஒரு கணக்கில் வரவில்லை. மழைக்காலத்தில் ஒரு வீடு, பொங்கலுக்கு முன்னால் ஒரு வீடு. வந்த வீட்டில் அன்று பொழுது சாய்வதற்குள் ஓர் ஆண் பிணமானான். பாதிரியார் வந்து தீர்த்தம் தெளித்தார், மாரியம்மன் கோயில் பூசாரி வந்து வேப்பிலை கட்டினார், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த டாக்டர் மூக்குக்குள் பார்த்துவிட்டு எல்லாருக்கும் ஒரே நிறத்தில் மாத்திரை கொடுத்தார். மூவரும் திரும்பிப் போகும்போது தெருமுனையில் நின்று ஒருமுறை மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

வேலைக்குப் போகாமல் இருக்க முடியாது, போனால் உயிரோடு வரலாம் வராமலும் இருக்கலாம், இது எங்களுக்குப் பழக்கமான பயம். ஆனால் வாசனை வந்த பிறகு அந்தப் பயத்துக்கு மூக்கு முளைத்துவிட்டது. மற்ற ஊர்களில் போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டுப் போவார்கள், எங்கள் லைனில் ஆண்கள் செருப்பை மாட்டிக்கொண்டு "ஒண்ணும் வாசனை இல்லியே?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். பெண்கள் முற்பகல் வேளையில் வீட்டை விட்டு நகரவில்லை. குழாயில் தண்ணீர் வீணாகப் போனது. சளி பிடித்தவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள். தாளிக்கும்போது இரண்டு சோம்பு கூடுதலாக விழுந்துவிட்டால் பக்கத்து வீட்டுக்காரி தலைவிரிகோலமாக ஓடி வந்தாள். ஓடி வந்தவளுக்கு அடுப்பைக் காட்ட வேண்டியிருந்தது. எரிகிற அடுப்பைப் பார்த்ததும் அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

கடைசியில் முனிரத்தினம் மேஸ்திரி கூட்டம் போட்டார். கீழே ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்புகிறவர் அவர்தான், மேலே நல்லது கெட்டதில் முன்னால் நிற்பவரும் அவர்தான். குழாயடி மேடையில் ஏறி நின்று, "பொய் வாசனை எது நெச வாசனை எதுன்னு தெரியாமத்தான் இத்தினி பாடு" என்றார். "இனிமே லைன்ல யாரும் மாட்டுக்கறி எடுக்கக் கூடாது, இடியாப்பம் பிழியக் கூடாது. அப்பறம் வாசனை வந்தா அது அந்த வாசனைதான். சந்தேகமே இருக்காது."

"சந்தேகம் இல்லன்னா இன்னா பண்றது மேஸ்திரி?" என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள்.

"சம்மதம்னா கை தூக்குங்க" என்றார் மேஸ்திரி. ஆனாலும் எல்லாரும் கை தூக்கினார்கள். எதையாவது செய்வது எதுவும் செய்யாமல் இருப்பதைவிட ஆறுதலாக இருந்தது.

அப்படித்தான் எங்கள் லைனில் ஞாயிற்றுக்கிழமை செத்தது. சந்தைக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்த சுபான் பாய் கத்தியை எண்ணெய் போட்டுத் துணியில் சுற்றி வைத்துவிட்டு, வாரத்தில் ஒருநாள், வெள்ளிக்கிழமையன்று, ஆபீசர் பங்களாக்களுக்கு மட்டும் கறி வெட்டினார். இடியாப்ப உரல்கள் பரணுக்கு ஏறின. ஞாயிறு மத்தியானம் புருஷனும் பெண்சாதியும் பிள்ளைகளும் களியையும் கீரைக் கடைசலையும் வைத்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டார்கள். தூங்குகிற பிள்ளைகள் வாயைச் சப்புக் கொட்டின. ஆறு மாதப் பிள்ளையைப் போலப் பெரிய ஆண்களும் தூக்கத்தில் சப்புக் கொட்டினார்கள். பக்கத்தில் படுத்திருந்த பெண்கள் அதைக் கேட்டபடி விழித்துக் கிடந்தார்கள்.

பூங்காவனத்தின் வீட்டுக்கு அது ஒரு வெள்ளிக்கிழமை வந்தது.

அவள் புருஷன் ஏகாம்பரம் காலை ஷிப்டுக்குப் போயிருந்தான். அவள் முறத்தில் கேழ்வரகைப் புடைத்துக்கொண்டிருந்தாள். முதலில் வெங்காயம் வதங்கும் வாசனை வந்தது, பிறகு இஞ்சி பூண்டு, பிறகு கொழுப்பு உருகும் வாசனை, பிறகு வறுத்த மல்லியும் மிளகும். மிளகு தூக்கலாக இருந்தது. முறம் அவள் மடியிலிருந்து நழுவியது. வேறு யார் வீட்டு வாசனை என்று நம்பிக்கொள்ளக்கூட அது இடம் வைக்கவில்லை. அவளுடைய கை அவளுக்குத் தெரியாதா? கடைசியாக, ஈரத்துணி விரித்த தட்டில் அரிசிமாவு இழை வேகும் அந்த மென்மையான, லேசான பால் மணம் வந்து அவள் முகத்தில் பட்டது. வெதுவெதுப்பாகக்கூட இருந்தது.

அவள் கத்தவில்லை. கத்தினால் எல்லாரும் வருவார்கள். வந்து வாசலில் உட்கார்ந்து சங்கு ஊதுவதற்காகக் காத்திருப்பார்கள். இதற்கு முன் வாசனை வந்த ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அவளும் அப்படி உட்கார்ந்திருக்கிறாள். சுரங்கத்து ஆபீசுக்கு ஓடி, என் புருஷனை மேலே வரச் சொல்லுங்கள் என்று கேட்கலாம். மேலே வந்தால்? பிச்சாண்டி மேலேதான் இருந்தான்.

அடுப்பு குளிர்ந்து கிடந்தது. வாசனை அதன் மேல் நின்றது. பூங்காவனம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் மனதில் ஓடியது பெரிய யோசனை ஒன்றும் இல்லை, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் எந்தப் பெண்ணுக்கும் வரக்கூடிய யோசனைதான். சாப்பாட்டு வாசனை வந்துவிட்டது, சாப்பாடு இல்லை. வீட்டுக்கு வருகிறவன் வாசனையை நம்பி வந்து சட்டியைத் திறந்து பார்த்தால் என்ன இருக்கும்? அவள் கூடையை எடுத்துக்கொண்டு சுபான் பாய் கடைக்கு ஓடினாள்.

பாய் அவளைக் கண்டதும் கையை விரித்தார். "வேணாம்மா. மேஸ்திரி சொல்லிட்டாரு. எனக்கு உங்க லைன் ஆளுங்க பகை ஆவாது."

"பங்களாவுக்குக் கட்டி வெச்சிருப்பீங்களே பாய், அத குடுங்க."

"ஆபீசருக்கு நான் இன்னா பதில் சொல்றது? உனக்கு எதுக்கு இப்ப திடீர்னு..." என்று தொடங்கியவர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "உன் வூட்லயா?"

அவள் தலையசைத்தாள்.

பாய் பங்களாவுக்குக் கட்டி வைத்திருந்த பொட்டலத்தைப் பிரித்து, நெஞ்செலும்பும் கொழுப்புமாகக் கட்டையில் போட்டு, சீக்கிரம் வேக வேண்டும் என்று வழக்கத்தைவிடச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டினார். வெட்டும்போது வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டே இருந்தார்.

அவள் வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்தாள். விறகு ஈரம், புகைந்தது. ஊதி ஊதிக் கண் எரிந்தது. சட்டி காய்ந்து, எண்ணெய் காய்ந்து, சின்ன வெங்காயம் விழுந்து சுரீர் என்றபோது நிஜ வாசனை எழும்பி, ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்த வாசனைக்குள் போய்ப் பொருந்தியது. எது எது என்று அவளாலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை. கறியைப் போட்டு, மஞ்சளும் உப்பும் போட்டு, கறி தண்ணீர் விடும் வரை வதக்கி, மசாலையை அம்மியில் வைத்து இழுத்து இழுத்து அரைத்தாள். அரைக்கும்போது அழுதாள். கண்ணீர் மசாலையில் விழாமல் தோளில் துடைத்துக்கொண்டாள்.

லைன் முழுக்கக் கதவுகள் திறந்தன. "பூங்காவனம் வூடு", "பூங்காவனம் வூடு" என்று தட்டிக்குத் தட்டி செய்தி போனது. ஓடி வந்தவர்கள் வாசலில் உட்காரப் போனபோது அடுப்பில் சட்டி கொதிப்பதைப் பார்த்துத் திகைத்து நின்றார்கள். திகைப்பு கோபமாக மாறியது. அன்று ஓய்விலிருந்த முனிரத்தினம் மேஸ்திரி தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்தார்.

"இன்னா காரியம் பண்ற நீ? ஊர் கட்டின கட்ட நீ எப்படி மீறலாம்? இப்ப வேற யாரு வூட்லயாவது வாசனை வந்தா எங்களுக்குத் தெரியுமா? என் மவனும் இந்த ஷிப்டுலதான் கீறான்!"

"வந்துச்சு மேஸ்திரி. என் வூட்லதான் வந்துச்சு."

"வந்தா அழு. அடுப்ப அணைச்சிட்டு உக்காந்து அழு."

"தெரிஞ்சு இன்னா பண்ணீங்க இதுவரைக்கும்?" பூங்காவனத்தின் குரல் உடைந்தது. "சலோமி அக்கா வூட்டுக்காரர காப்பாத்துனீங்களா? பிச்சாண்டிய காப்பாத்துனீங்களா? உக்காந்து மோந்து பாத்தீங்க. நானும்தான் பாத்தேன். இனி முடியாது மேஸ்திரி. இத அணைக்கணும்னா அந்தத் தண்ணிய என் தலையில ஊத்துங்க."

மேஸ்திரி கெட்டவர் இல்லை, பயந்தவர். பயத்தில் அவர் குடத்தைத் தூக்கியேவிட்டார். அந்த நேரத்தில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு சலோமி வந்தாள். தலையில் சீலை முக்காடு, இடுப்பில் ஒரு பாத்திரம் நிறைய அரிசிமாவு, கையில் தன் வீட்டுப் பித்தளை இடியாப்ப உரல். புருஷன் போன நாளிலிருந்து அவள் யார் வீட்டுப் படியும் ஏறியதில்லை. மேஸ்திரியின் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. அவருக்கும் அடுப்புக்கும் நடுவில் சப்பணமிட்டு உட்கார்ந்து, "வெந்நி வெச்சியாடி?" என்று பூங்காவனத்தைக் கேட்டாள்.

"இல்லக்கா."

"மேஸ்திரி, அந்தக் குடத்த இங்க குடுங்க."

முனிரத்தினம் குடத்தைக் கொடுத்தார். அந்தத் தண்ணீரில்தான் மாவு பிசைய வெந்நீர் வைத்தார்கள்.

பிசைந்த மாவு விரலைச் சுட்டது. சலோமி உரலில் மாவைத் திணித்துப் பிழிந்தாள். பிழிந்து நாளான கை, அதனால் முதல் இழைகள் அறுந்து அறுந்து விழுந்தன. பிறகு கைக்குப் பழக்கம் திரும்பியது. ஈரத்துணியில் இழை மேல் இழையாக, வட்டத்துக்குள் வட்டமாக வெள்ளை நூல் சுற்றிக்கொண்டு விழுந்தது. வாசலில் நின்றவர்கள் யாரும் போகவில்லை. தேங்காய் வேண்டும் என்று பூங்காவனம் முணுமுணுத்ததும் ஒருத்தி போய்த் தன் வீட்டு மூடித் தேங்காயைக் கொண்டு வந்து, கொடுக்கலாமா கூடாதா என்று தயங்கி, வாசற்படியில் வைத்துவிட்டுப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

குழம்பில் தேங்காய் விழுந்து நுரை கூடி வரும் நேரத்தில் பூமி குலுங்கியது.

சட்டி அடுப்பின் மேலே ஒருமுறை எழும்பி உட்கார்ந்தது. பூங்காவனம் வெறுங்கையால் அதைப் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கை வெந்தது, அவள் விடவில்லை. கூரையிலிருந்து மண் உதிர்ந்தது. சலோமி குனிந்து இடியாப்பத் தட்டுகளை மறைத்து, உதிரும் மண்ணுக்குத் தன் முதுகைக் காட்டிக்கொண்டாள். பிறகு எல்லாம் அடங்கியது. அந்த அமைதியில், மூச்சு விடாத அந்த நீளமான சங்கு ஊதியது.

எல்லாரும் ஓடினார்கள். பூங்காவனமும் ஓட எழுந்தாள். "நீ போ. நான் அடுப்பப் பாத்துக்கறேன்" என்றாள் சலோமி. இரண்டடி போன பூங்காவனம் திரும்பி வந்து அவள் கையைப் பிடித்து இழுத்தாள். தனியாகப் போக அவளால் முடியவில்லை. கடைசியில் மேஸ்திரியின் பெண்சாதி அடுப்பு முன்னால் உட்கார்ந்துகொள்ள, இருவரும் சேர்ந்து சுரங்க வாய்க்கு ஓடினார்கள்.

ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டை மேலே இழுக்கும் இரும்புச் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. அது சுற்றும்போது யாரும் கடவுள் பெயரைக்கூடச் சொல்வதில்லை. கூண்டு வந்தது, கதவு திறந்தது, தூசு படிந்த முகங்கள் வெளியே வந்தன. வந்தவர்களை அவரவர் பெண்சாதிகள் தொட்டுப் பார்த்தார்கள், தோளை, கையை, காதை. கூண்டு மறுபடி இறங்கியது, மறுபடி ஏறியது. மூன்றாவது தடவையில் முனிரத்தினத்தின் மகன் வந்தான். அவனுக்குப் பின்னால், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, ஏகாம்பரம் வந்தான்.

பூங்காவனம் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னா சமைச்ச நீ?" என்று கேட்டான் அவன்.

பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். காற்று இறங்குகிற வழியில் அந்த வாசனை இறங்கி வந்ததாம். முதலில் ஏகாம்பரத்துக்குத்தான் அடித்ததாம். இது என் வீட்டுக் குழம்பு, மிளகு வாசனையைப் பார், எவனோ தூக்கில் கொண்டுவந்து தனியாகத் தின்கிறான் என்று துளைக்கிற இயந்திரத்தைப் போட்டுவிட்டு நடந்தானாம். மாதக்கணக்காக அந்த ருசியைக் காணாத மற்ற ஆண்களும் எச்சிலை விழுங்கிக்கொண்டே அவன் பின்னால் நடந்தார்களாம். கூண்டு நிற்கிற இடம் வரைக்கும் வந்து யாரிடமும் சோறு இல்லை என்று பார்த்து, ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்தபோது, அவர்கள் விட்டுவந்த இடம் முழுக்கப் பின்னால் இடிந்து உட்கார்ந்துவிட்டதாம்.

"வாசனை வரலன்னா ஒருத்தனும் இல்ல" என்றான் மேஸ்திரியின் மகன். "அந்தச் சோறுதான் இழுத்துக்கிட்டு வந்துச்சு."

ஆண்கள் சிரித்தார்கள், சிலர் அழுதார்கள். பெண்கள் மட்டும் ஒவ்வொருத்தியாகத் திரும்பி, தூணோரம் நின்றிருந்த சலோமியைப் பார்த்தார்கள். பார்த்ததும் கண்களை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்கள். சலோமி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு தனியாக லைனைப் பார்த்து நடந்தாள்.

அன்று ஏகாம்பரம் சாப்பிடுவதைப் பூங்காவனம் சரியாகப் பார்க்கவில்லை. அவனுக்கு ஊற்றி வைத்துவிட்டு, இன்னொரு தட்டில் இடியாப்பம் வைத்துக் குழம்பை ஊற்றி, வெந்த கைக்குத் துணி சுற்றிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். வாசலில் நெடுநேரம் நின்றாள். சுரங்க வாயில் நின்றபோது பயந்ததைவிட அந்தப் படியில் அவளுக்கு அதிகமாகப் பயமாக இருந்தது.

சலோமி இருட்டத் தொடங்கிய அடுக்களையில், அணைந்த அடுப்புக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"அப்ப அது சாவு வாசனை இல்ல" என்றாள், திரும்பாமலே.

"தெரியலக்கா."

"அடுப்ப பத்த வைடின்னு சொல்லிச்சு. பத்த வெச்சிருந்தா அவரும் நடந்து வந்திருப்பாரு. நான் துணி தொவைச்சிக்கிட்டு இருந்தேன்."

இல்லை என்று சொல்லத்தான் பூங்காவனம் வந்திருந்தாள். அதெல்லாம் ஆண்கள் அளக்கிற கதை, அவ்வளவு ஆழத்துக்கு எந்த வாசனை இறங்கும் என்று சொல்வதற்கு வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தாள். நேரில் அந்தப் பொய் வாயில் வரவில்லை.

"அன்னிக்கி அத மோந்தவங்க நாங்க எல்லாரும்க்கா" என்றாள். "நான் வந்து உங்க சட்டிய எட்டிக்கூடப் பாத்தேன். பாத்துட்டுச் சிரிச்சேன். ஒருத்திக்கும் தோணலியே."

சலோமி அவள் பக்கம் திரும்பினாள். பிறகு, "எப்படி இருந்துச்சு அன்னிக்கி, எங்க வூட்டு வாசனை? நான் எந்திரிச்சு வரவே இல்ல. கிட்ட போயி நான் மோக்கல" என்றாள்.

"நல்லா இருந்துச்சுக்கா. தேங்காப்பால் வாசனை. எலும்பு நல்லா வெந்த வாசனை. வாயில தண்ணி ஊறிச்சு."

"அவருக்குத் தேங்கா அதிகமா இருந்தாத்தான் எறங்கும்." சலோமி தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். குழம்பு ஊறி இழைகள் பழுப்பாகியிருந்தன. ஒரு வாய் எடுத்து மென்றாள். மெல்லும்போது அவள் தொண்டையிலிருந்து, பாறைக்குள்ளிருந்து வருவது போல ஒரு சத்தம் வந்தது. பூங்காவனம் தட்டியில் சாய்ந்து, அந்தச் சத்தம் ஓயும் வரைக்கும், தட்டு காலியாகும் வரைக்கும், உட்கார்ந்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்தது. சுபான் பாயின் கத்தி துணியை விட்டு வெளியே வந்தது. கட்டுப்பாட்டை எடுத்துவிட்டதாக யாரும் கூட்டம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் பயம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். முன்பு வாசனை வந்தால் அழுவதோடு எங்கள் வேலை முடிந்தது. இப்போது அந்த நிமிடத்திலிருந்து சட்டி கொதிப்பதற்குள் ஓர் உயிர் எங்கள் கையில் இருந்தது. விறகு ஈரமாக இருந்தால்? வீட்டில் கறி இல்லாவிட்டால்? உப்புக்கண்டம் போட்டு ஒவ்வொரு வீட்டிலும் கொடியில் தொங்கவிட்டோம், பரணில் காய்ந்த விறகைத் தொடாமல் வைத்தோம், அரிசிமாவை இடித்துச் சலித்து வறுத்துப் பானையில் மூடினோம். முற்பகல் வேளைகளில் சலோமி லைனின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்தாள். அவளை யாரும் நடக்கச் சொல்லவில்லை. காப்பாற்ற அவளுக்குச் சுரங்கத்தில் ஒருவரும் இல்லை. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு அடுத்த வாசலுக்குப் போனாள். அவள் வாசலில் நிற்கிற அந்த நேரம் உள்ளே இருக்கிற பெண்ணுக்கு மூச்சு நின்றுவிடும். நகர்ந்ததும் திரும்பி வரும்.

மழை விட்டிருந்த ஒரு காலையில் அவள் கடைசி வீட்டு வாசலில் நகராமல் நின்றாள். துரைக்கண்ணுவின் வீடு அது. கல்யாணமாகி ஒரு வருஷம் ஆன பையன், பெண்சாதி வசந்தா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். அவன் வேலைக்குப் போயிருந்தான். கதவில் பூட்டு தொங்கியது. பூட்டிய கதவின் இடுக்கு வழியாகக் கறிவாசனை வந்துகொண்டிருந்தது.

"பூங்கா!" என்று சலோமி போட்ட சத்தத்தில் லைன் முழுக்க வெளியே வந்தது. பூட்டை இழுத்தார்கள், அசையவில்லை. முனிரத்தினம் மேஸ்திரி ஓடிப்போய் அம்மிக் குழவியைத் தூக்கிவந்து ஒரே போடாகப் போட்டார். உள்ளே வசந்தா போன நாளிலிருந்து எரியாத அடுப்பில் எறும்பு புற்றுக் கட்டியிருந்தது. ஒருத்தி விறகு கொண்டுவந்தாள், ஒருத்தி மாவு, ஒருத்தி உப்புக்கண்டத்தைக் கொடியிலிருந்து அறுத்து வந்தாள். வசந்தாவின் கைப்பக்குவம் என்ன என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. புதுப்பெண், பேசாத பெண். வேறு கை வாசனையில் துரைக்கண்ணு திரும்பிப் பார்ப்பானா என்று பயந்து, எல்லாரும் சேர்ந்து அந்தக் காற்றை முகர்ந்து முகர்ந்து, சீரகம் போலிருக்கிறதே, இல்லை கசகசா, என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துச் சட்டியில் போட்டார்கள். சலோமி பிழிந்தாள். பூங்காவனம் ஊதினாள். அவசரத்தில் உப்பு இரண்டு தடவை விழுந்துவிட்டது.

பூமி குலுங்கியது. யாரும் சுரங்க வாய்க்கு ஓடவில்லை. தீயை விட்டு நகர ஒருத்திக்கும் துணிவில்லை. சட்டியைச் சுற்றித் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்துகொண்டு, எந்தச் சங்கு ஊதுகிறது என்று கேட்டார்கள். நீளச் சங்கு ஊதியது. பிறகு வெகுநேரம் ஒன்றும் இல்லை. குழம்பு மட்டும் கொதித்தது.

தெருமுனையில் துரைக்கண்ணு வந்தான். தலையில் தூசு, ஒரு காலில் மட்டும் செருப்பு. தன் வீட்டுக் கதவு உடைந்து கிடப்பதையும் வாசல் நிறையப் பெண்கள் நிற்பதையும் கண்டதும் அவன் கால் அப்படியே நின்றுவிட்டது. ஒரு வீட்டு வாசலில் இத்தனை பெண்கள் கூடினால் அதற்கு எங்கள் லைனில் ஒரே ஓர் அர்த்தம்தான் இருந்தது. "வசந்தாவா?" என்று கேட்டான். "புள்ளையா? யாரு? யாரு போயிட்டாங்க, சொல்லுங்களேன்!"

பெண்கள் அவனைப் பார்த்தபடி வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கியதில் அவன் இன்னும் பயந்து, அப்படியே சேற்றில் மண்டியிட்டான்.

சலோமி கையில் தட்டோடு வெளியே வந்தாள். இடியாப்பத்தின் மேல் ஊற்றிய குழம்பிலிருந்து ஆவி பறந்தது.

"யாரும் போவல" என்றாள் அவள். "எந்திரி. கை கழுவிட்டு வா, ஆறிடப் போவுது."